சுடலைமுத்து வைத்த காற்றுக்குழாய்

சாலைக் கடைத்தெருவில் குழாய் வாங்கப் போன இடத்தில்தான் செய்தி கிடைத்தது. "நம்ம பிளம்பர் சுடலைமுத்து போயிட்டாரு. சார் அறிஞ்ஞில்லியா? நெஞ்சு வலி," என்றார் கடைக்காரர், பாதி மலையாளத்தில். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. கூடவே ஒரு கேள்வி: "உங்காத்து கிச்சன் சிங்கைக் கெடுத்தவர்தானே?"

அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகனுக்காக மாடியில் சமையலறை கட்டியபோது அவரை அழைத்தேன். சிங்கின் கழிவுநீரைக் கீழே இருக்கும் பழைய குழாயில் நேராக இறக்கினால் பூஜை அறைக்கு மேலே போகும். எச்சில் தண்ணீர் சுவாமி தலைக்கு மேல் ஓடலாமா என்று மறுத்தோம். அவர் வாதாடவில்லை, சுவரைச் சுற்றிக் கொண்டுபோனார். "இவ்வளவு சுத்தினா காத்துக்குழாய் கட்டாயம் வேணும் சார். தண்ணி இறங்கும்போது காத்து வரலைன்னா, சிங்குக்கு அடியில வளைவுல நாத்தத்தை மறிச்சு நிக்கிற தண்ணியையும் இழுத்துட்டுப் போயிரும். பொறவு வீடு பூரா நாத்தம்லா."

மொட்டை மாடிக்கு மேலே திறந்த வாயோடு குழாயை நிறுத்தினார். பிறகு சிங்கை நிரப்பித் திறந்துவிடுவதும், குனிந்து முகர்ந்து பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் இருந்தார். "என் மூக்கு சரின்னு சொல்லணும், அப்பதான் போவேன்," என்றார்.

கோடையில் என் மனைவி மொட்டை மாடியில் வடாம் பிழிந்தாள். "வடாம் காயற எடத்துல சாக்கடைக் காத்தா? நன்னாருக்கு போங்கோ!" என்றாள். நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் குழாயின் வாயைக் கட்டினேன். பத்து நாளில் சிங் குளுகுளுவென்று சத்தம் போட்டது. நாற்றமும் வந்தது.

சுடலைமுத்து ஓடி வந்தார். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். மடியாக வடாம் காய்கிறது, மேலே போகக்கூடாது என்று படியிலேயே நிறுத்தினேன். "குழாய் திறந்துதான இருக்கு சார்?" என்று கேட்டார். ஒரு சிரட்டையால் என்ன வந்துவிடும் என்று நினைத்து, "திறந்துதான் இருக்கு. உம்ம வேலைதான் சரியில்லை," என்றேன். தெரு முழுவதும் அதையே சொன்னேன். அதன் பிறகு எங்கள் தெருவில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

மழைக்கு முன் சிரட்டையை எடுத்தேன். அன்று மாலையே சத்தம் நின்றது, நாற்றமும் போயிற்று. அவரிடம் சொல்ல ஒரு போன் போதும். போடவில்லை. வெட்கம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது வெறும் திமிர்.

கடைசியாக அவரைப் பழவங்காடி பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "இப்ப நாத்தம் இல்லைல்லா சார்?" என்று அவராகவே கேட்டார். "வேற ஆள வச்சு சரி பண்ணியாச்சு," என்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. "என்ன செஞ்சாரு சார்? தெரிஞ்சுக்கிடலாமேன்னுதான் கேக்கேன். எனக்குப் பிடிபடவே இல்ல," என்றார். பஸ் வந்துவிட்டது என்று நழுவினேன்.

அந்தச் சிரட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் கேள்வியும் இருக்கிறது. அவரை அறிந்த எல்லோர் முன்னாலும் இப்போது பதில் சொல்கிறேன்: வேறு ஆள் யாரும் வரவில்லை, சுடலைமுத்து. நான் மூடியதை நானே திறந்தேன். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.