முனியப்பனுக்குத் தெரிந்த பெயர்கள்

சித்தேரி மலைப்பாதையில் வண்டி ஓட்டும் ஒரே பெண் ராமக்காள். சாமை மூட்டை, புளி, பலாப்பழம், பிரசவ வலி எடுத்தவள் என்று எது ஏறினாலும் அரூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் டீ குடிப்பாள். வளைவில் எதிரே பேருந்து வந்துவிட்டால், வண்டியைப் பின்னாலேயே மேடேற்றி வழிவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பேசிக்கொண்டேதான் ஓட்டுவாள். பேச்சு சாமியைப் பற்றி வந்தால் மட்டும் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும்.

சாமி மேல் அவளுக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. சாமிக்கு வாயாக இருக்கிறேன் என்று வயிறு வளர்ப்பவர்களைக் கண்டால்தான் ஆகாது. மேல் வளைவில், முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் குறி சொல்லும் சென்றாயன் அப்படிப்பட்டவர். அவருடைய மச்சான் மாதவராஜிடம் ஒரு ஜீப் இருந்தது. ராமக்காள் வண்டி வாங்கிய பிறகு அதில் ஏற ஆளில்லாமல் கோழி முட்டையிட ஆரம்பித்தது. உடனே முனியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்பளை வண்டி ஓட்டிக்கொண்டு தன் கல்லைத் தாண்டிப் போவதால்தான் மழை பெய்யவில்லை என்றார். பிறகு மழை கொட்டி மண் சரிந்தது. அதற்கும் அவள்தான் காரணம். வருகிற அமாவாசையன்று ராமக்காள் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து தன் காலடியில் வைத்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வேறு சமயமாக இருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் கொஞ்ச காலமாக முனியப்பனுக்கு ஒரு புதுச் சக்தி வந்திருந்தது. ஆள் கீழ் வளைவில் பாறைக்குப் பின்னால் வரும்போதே, "முருகேஷ் வர்றான்டா, மனசுல பாரத்தோட வர்றான்" என்பார் சென்றாயன். கொஞ்ச நேரத்தில் ரேஷன் கடை முருகேஷ் மூச்சு வாங்க வந்து நிற்பான். பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாவியைக் கொடுத்துவிடு என்று ராமக்காளின் சொந்த அண்ணனே சொல்லத் தொடங்கினான்.

ராமக்காளை ஒன்று மட்டும் உறுத்தியது. கிழவி குள்ளம்மாள் அமாவாசை தவறாமல் போகிறவள். அவளைப் பார்த்து, "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்றுதான் முனியப்பன் ஒவ்வொரு முறையும் கேட்டார். முருகேஷுக்கு இருந்து குள்ளம்மாளுக்கு இல்லாதது என்ன?

சாமை மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது விடை தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

போன்!

மண் சரிந்து டவர் செத்துப்போன பிறகு, எழிலரசி என்ற இன்ஜினீயர் பெண் மலைக்கு வந்து, சோதனைக்காகச் சிலருக்கு மட்டும் ஒரு தினுசான போன் கொடுத்திருந்தாள். ரேஷன் கடை முருகேஷுக்கு ஒன்று, வண்டி ஓட்டும் ராமக்காளுக்கு ஒன்று, மேல் வளைவில் குடியிருக்கிறார் என்பதால் சென்றாயனுக்கும் ஒன்று.

"டவரே இல்லாட்டியும் இதுங்க ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சுக்கும்க்கா," என்று அன்று விளக்கினாள் எழிலரசி. "டவர்கிட்ட பேசற மாதிரியே ரேடியோவுல, 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்'னு போன் சும்மா சொல்லிக்கிட்டே இருக்கும். கூப்பிடு தூரத்துல, அதுக்குக் கொஞ்சம் மேலயும், இன்னொரு போன் இருந்தா அது கேட்டுட்டு பேரைக் காட்டும். மண்ணு சரிஞ்சு யாராவது மாட்டிக்கிட்டா தேடறதுக்கு."

"எந்தப் பக்கம் இருக்குதுன்னு காட்டுமா?"

"இது காட்டாதுங்க. பக்கத்துல இருக்குதுங்கறது மட்டும்தான்."

"யாரு கையில இருக்குதுன்னு?"

"அதெப்படிக்கா? போனுக்குப் போனைத்தான் தெரியும். ஆளைத் தெரியாது."

சென்றாயனோ, "முனியப்பனே எங்கிட்ட பேசறாரு, போனு எனக்கெதுக்கு? அணைச்சுப் பெட்டியில போட்டுட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஆனால் ராமக்காள் கல்லைக் கடக்கும்போதெல்லாம் அவள் போனில் 'சென்றாயன்' என்று பெயர் எட்டிப் பார்த்தது. பெட்டிக்குள் அணைந்து கிடக்கும் போன் எப்படிக் குரல் கொடுக்கும்?

நேராக வெண்மதி வீட்டுக்குப் போனாள். வெண்மதிக்குப் பாதி வழியில், அந்த வண்டியிலேயே குழந்தை பிறந்திருந்தது. ராமக்காள் எது கேட்டாலும் தருவாள்.

"உன் கிடாவைக் குடு."

"வெட்டவா?"

"குறி கேக்க."

வெண்மதியின் கிடா, அமாவாசைதோறும் வாழைப்பழத் தோலுக்காக முனியப்பன் கோயிலுக்குத் தவறாமல் போகும் பரம பக்தன். யாரும் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

அமாவாசையன்று காலையிலேயே ராமக்காள் போய், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குள்ளம்மாளின் அகன்ற முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். சாவி இடுப்பில் இருந்தது. இது பலிக்காவிட்டால் அதை எடுத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான். உடுக்கை முழங்கியது. மாதவராஜ் புதுச் சட்டையில் வந்திருந்தான். சென்றாயன் ஆடினார், திருநீறு எடுக்கத் தட்டின் பக்கம் குனிந்தார். நிமிரும்போது முகம் பளபளத்தது.

"வர்றாடா ராமக்காள்!"

கூட்டம் பாதையைத் திரும்பிப் பார்த்தது.

"தலை குனிஞ்சு வர்றா. செஞ்ச தப்பு உறைச்சுட்டுது அவளுக்கு. என் சன்னிதியில வந்து அவ வாயாலயே சொல்லுவா, கேட்டுக்கோங்க."

பாறையைச் சுற்றிக்கொண்டு, தலை குனிந்தபடி, கழுத்தில் ஒரு துணிப்பையோடு கிடா வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்றாயன் முன்னால் போய் நின்று, வாயைத் திறந்தது.

"மே..."

யாருக்கும் ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. குள்ளம்மாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் பணிவாக வந்தது.

"சாமி, நான் இங்க இருக்கேனுங்க."

உடுக்கை அடித்தவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் மலையே சிரித்தது. ராமக்காள் எழுந்து வந்து கிடாவின் கழுத்துப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினாள். திருநீற்றுத் தட்டைத் தூக்கினாள். அடியில் இன்னொரு போன், 'ராமக்காள்' என்று பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. எழிலரசி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஊருக்குச் சொன்னாள். "போனுக்கே ஆளுக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. அதை நம்பி எங்கிட்ட சாவி கேட்டாரு உங்க சாமி" என்று முடித்தாள்.

சென்றாயனுக்குச் சாமி மலையேறிவிட்டது. கிடா வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. ராமக்காள் சாவியைச் சுழற்றியபடி வண்டிக்கு நடந்தாள். அரூர் போகிறவர்கள் எல்லாம் அடித்துப் பிடித்து ஏறினார்கள். மாதவராஜும் பின்னால் ஓர் ஓரத்தில் தொற்றிக்கொண்டான்.

முன் சீட்டில் குள்ளம்மாள் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியாடி, முனியப்பனே ஆட்டு ரூபத்துல வந்து, நீ வண்டி ஓட்டலாம்னு உத்தரவு குடுத்துட்டாரு."

"ஆயா, போனை ஆட்டுக் கழுத்துல கட்டினது நானு."

"நீதான் கட்டினே. கட்டணும்னு உன் புத்தியில தோண வச்சது யாரு?"

ராமக்காள் கியரைப் போட்டாள். அரூர் போய்ச் சேரும்வரை பேச்சு சாமியைப் பற்றித்தான். பின்னால் இருந்தவர்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.