இருபத்திரண்டு நடக்குது

எங்கள் வீட்டில் ‘ஏஜ் அவுட்’ என்பது வாயால் சொல்லக் கூடாத வார்த்தை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைக்கு இருபத்தொரு வயது முடிவதற்குள் கார்டு வரவில்லை என்றால் அப்பா அம்மாவின் விசாவிலிருந்து பிள்ளையைக் கழற்றிவிடுவார்கள். இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணாக இருந்தாலும் சரி, இனிமேல் அவள் தனி விசா எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்குக் கார்டு வரவில்லை. மகள் ஏஜ் அவுட் ஆகி மாணவர் விசாவுக்கு மாறினாள். அது வரைக்கும் என் கணவர் அவள் வயதை மாதக் கணக்கில் எண்ணிக்கொண்டே இருந்தார். வாயில் எப்போதும் அதே பேச்சு. “இருபது முடிஞ்சுது, இருபத்தொண்ணு நடக்குது, இன்னும் கார்டு வரல.”

அதனால் அந்தக் கோடைக்கு முன்னால் மகள் காலேஜிலிருந்து போன் செய்து, “அம்மா, ஐ ஆம் ஆன் ஏஜ் அவுட் திஸ் இயர்!” என்று சந்தோஷமாகக் கத்தியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மறுபடியுமா? இப்ப எவன்டி வெளியில போகச் சொல்றான்?” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இது வேறு ஏஜ் அவுட். டிரம் கோரில் கடைசி வருடம் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் பெயராம். டிரம் கோர் என்றால் ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு இன்றைக்கும் புரியாது. “பேண்டு வாத்தியமா?” என்பாள். பேண்டு வாத்தியம்தான். ஆனால் நூறு பேருக்கு மேல், ஃபுட்பால் மைதானத்தில் நடந்தும் ஓடியும் கோலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். நடுவர்கள் மார்க் போடுவார்கள். கோடை முழுக்க பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம்மில் தரையில் படுத்து, வெயிலில் கருகிப் பயிற்சி செய்வார்கள். என் மகள் தோளில் மாட்டிக் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் வாசித்தாள். ஜூன் முதல் தேதியன்று இருபத்திரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு முடியாதிருந்தால் அந்த சீசன் முழுக்க வாசிக்கலாம். என் மகள் ஆசிரியர் தினத்தில், செப்டம்பர் ஐந்தாம் தேதி பிறந்தவள். ஆக அவளுக்கு அந்தக் கோடை உண்டு, அதற்கப்புறம் கிடையாது.

என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்காது. “இந்த வெயில்ல இது தேவையா? ஒரு இன்டர்ன்ஷிப் பண்ணலாம்ல?” என்பார். அவளும் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு ஷோவுக்குக்கூட அவர் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் நான் மட்டும் போய், வீடியோ எடுத்து வந்து காட்டுவேன். “ம்” என்பார். கடைசி வருடம் என்றதும்தான் மனிதருக்கு உறைத்தது. அவளுடையது சின்னக் குழு, தேசிய அளவு வரைக்கும் போகாது. சீசனின் கடைசிப் போட்டி எங்கள் டெக்சாஸிலேயே, நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து சில மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஊரில். லீவு போட்டார். புதுத் தொப்பி வாங்கினார். சட்டையை அயர்ன் செய்து, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பினார். மகளிடம் போனில், “அப்பா வரேன் கண்ணு, முன்னாடி நின்னு பாக்கறேன்” என்றார்.  “ரியலி, அப்பா?” என்றாள் அவள்.

இந்தக் குழுக்களில் பெற்றோர்தான் சமைத்துப் போட வேண்டும். சமையலுக்கு என்றே ஒரு டிரக் கூடவே வரும். அன்று மதியம் நாங்கள் இரண்டு பேரும் அந்த டிரக் பக்கத்தில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தோம். எதிரே மைதானத்தில் டிரம் பிள்ளைகள் பயிற்சி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து நின்றார். என் கணவர் தர்பூசணித் துண்டு ஒன்றை நீட்டினார். உங்கள் பிள்ளை யார் என்று அவர் கேட்டார். போச்சு. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பெருமையை எல்லாம் மனிதர் அங்கேயே கொட்டிவிட்டார். நடுவில் நிற்கிறாளே அவள்தான், என்ஜினீயரிங் படிக்கிறாள், இதுதான் கடைசி வருடம். வயது? “ட்வென்டி டூ ரன்னிங்” என்றார்.

வந்தவர் தர்பூசணியைச் சாப்பிட்டுவிட்டு, அழகாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்களோடு போட்டி போடும் வேறொரு குழுவின் மேனேஜர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர்மேல் தப்பில்லை, விதிப்படிதான் செய்தார் என்று சொல்ல வேண்டும்தான். நான் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் யூனிஃபார்ம் போட்டு, மைதான வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று வாசித்துக் கை பழக்கிக்கொண்டிருந்தார்கள். குழுவின் இயக்குநர் ஒரு சின்ன வயதுப் பெண். அவளும் போட்டி அதிகாரி ஒருவரும் வேகமாக வந்தார்கள். என் மகளை வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டார்கள். பின்னாலேயே நாங்களும் ஓடினோம். புகார் வந்திருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாம் என்றார் அதிகாரி. யார் சொன்னது என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார்.

“அவளுடைய அப்பாவே சொன்னாராம்.”

‘ட்வென்டி டூ’ மட்டும் அந்த ஆளின் காதில் ஏறியிருக்கிறது. ‘ரன்னிங்’ எங்கே போனது? என் கணவருக்கு முகமே வெளுத்துவிட்டது. விளக்க ஆரம்பித்தார்.

“நோ நோ சார். ட்வென்டி ஒன் கம்ப்ளீட்டட். ட்வென்டி டூ ரன்னிங்.”

“ஸோ, ஷீ இஸ் ட்வென்டி டூ?”

“நாட் ட்வென்டி டூ சார். ட்வென்டி டூ இஸ் ரன்னிங்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதருக்கு நாக்கில் சனி இருக்கலாம், அது இப்படிப் பாய் விரித்துப் படுக்கக் கூடாது. “நீங்க கொஞ்சம் வாய மூடுங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். என் போனில் எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் படமாக இருக்கும். விசாவில் இருக்கிறவர்கள் எல்லார் போனிலும் இருக்கும், சாமி படம் இல்லாவிட்டாலும். மகளுடையதை எடுத்து, பிறந்த தேதியைப் பெரிதாக்கி, பாருங்கள் என்று அதிகாரி முகத்துக்கு நேரே நீட்டினேன்.

05/09 என்று இருந்தது.

“மே ஒன்பது” என்றார் அதிகாரி. “அப்படியென்றால் ஜூனுக்கு முன்பே இருபத்திரண்டு முடிந்துவிட்டது.”

அட ராமா! “அப்படிப் படிக்கக் கூடாது சார், எங்க ஊர்ல தேதிதான் முதல்ல, மாசம் அப்புறம்” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அதற்குள் அந்த இயக்குநர் பெண் தன் டேப்லெட்டைத் திறந்து, குழுவில் சேரும்போது மகள் பதிந்ததைப் பார்த்தாள். அங்கே 09/05 என்று இருந்தது. இந்த ஊர் வழக்கப்படி மாதத்தை முதலில் போட்டு, சரியாகத்தான் பதிந்திருந்தாள். இப்போது பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, குழுவிடம் ஒரு தேதி. அதிகாரி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. விசா கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்களே, அதேதான்.

“நீங்கள் சொல்வதுபோலவும் இருக்கலாம்” என்றார். “ஆனால் போனில் இருக்கும் படத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது. டிரைவர் லைசென்ஸ் இருக்கிறதா?”

லைசென்ஸ் பையில். பை பஸ்ஸில். பஸ் பூட்டியிருந்தது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. “நான் போய்க் கூட்டிட்டு வரேன்” என்று என் கணவர் அந்தப் பெரிய பார்க்கிங் லாட்டில் ஓட ஆரம்பித்தார். புதுத் தொப்பி கீழே விழுந்தது. எடுக்காமல் ஓடினார்.

அவர்கள் மைதானத்துக்குள் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. வயது தாண்டிய ஒருத்தர் வாசித்தது தெரிந்தால் முழுக் குழுவையும் தகுதி நீக்கம் செய்வார்கள். மார்க் எல்லாம் ரத்து. இயக்குநர் பெண் கண் கலங்க நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் என் மகள் தோளில் மாட்டியிருந்த டிரம்மைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“ஏய், கழட்டாத! அப்பா வந்துருவாருடி!” என்றேன்.

“அம்மா, தேர் ஆர் அ ஹண்ட்ரட் அதர் பீப்பிள்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

குழு உள்ளே போனது. டிரைவர் கிடைக்காமல் என் கணவர் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நானும் மகளும் கம்பி வேலியோரம் நின்றிருந்தோம். அவள் இன்னும் யூனிஃபார்மில்தான் இருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். உள்ளே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய கூட்டாளிகள் அவள் இடத்தை நெருங்கி மூடவில்லை. ஸ்னேர் வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு அப்படியே விட்டிருந்தார்கள்.

“நீ எங்க நிப்ப கண்ணு?” என்று கேட்டார் அவர். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்களிடம் எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள் அன்று தமிழில் சொன்னாள். “அந்த கேப் தெரியுதா அப்பா? அதுதான் நான். இப்ப பாருங்க, நான் லெஃப்ட்ல போவேன்.”

வரிசை இடது பக்கம் நகர்ந்தது. இடைவெளியும் கூடவே நகர்ந்தது. “இப்ப சுத்துவேன். இப்ப நாங்க மட்டும் வாசிப்போம், மத்தவங்க எல்லாம் நிறுத்திருவாங்க.” கடைசி வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் அந்தக் காலி இடத்தின் பின்னாலேயே மைதானம் முழுக்கக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். நான் தட்டவில்லை, எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

குழு வெளியே வரும்போது டிரைவர் கையில் பர்கர் பையோடு வந்து சேர்ந்தார். லைசென்ஸ் வந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாக, “குட் நியூஸ்! ஷீ இஸ் எலிஜிபிள்” என்றார்.

எதற்கு எலிஜிபிள்? சீசன் முடிந்துவிட்டது. அடுத்த ஜூனில் அவளுக்கு நிஜமாகவே வயது முடிந்திருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே பாஸ்போர்ட் பக்கத்தில், கீழே, அது கொடுக்கப்பட்ட தேதி இருந்தது: 23 முதலில், 11 அப்புறம். “இருபத்திமூன்றாவது மாதம் எந்த நாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழுவின் பெற்றோர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது என்றார் அவர், கஸ்டமர் கேரில் சொல்வார்களே அந்தக் குரலில். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

காரில் திரும்பி வரும்போது மகளும் எங்களோடு வந்தாள். அவள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். என் கணவர் மெதுவாக, “நீ அந்த பாஸ்போர்ட்ட காட்டாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அக்டோபரில் ஒரு வாரக் கடைசிக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று பேரும் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்து, செருப்பு விட்டிருந்த இடத்தில் நிற்கும்போது தெரிந்த ஆன்ட்டி ஒருவர் பிடித்துக்கொண்டார். பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில் அவருக்கு ஒரு தங்கை, தங்கைக்கு ஒரு பையன். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“பொண்ணுக்கு இப்ப என்ன வயசாகுது?” என்று என் கணவரிடம் கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். “முடிஞ்சுதுங்க” என்றார். “இருபத்திரண்டு முடிஞ்சுது.”

“அப்ப இருபத்திமூணு நடக்குதுன்னு சொல்லுங்க!” என்று ஆன்ட்டி சிரித்தார்.

“நடக்கலைங்க! ஒண்ணும் நடக்கல! முடிஞ்சுதுன்னுதான சொல்றேன்!”

யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். ஆன்ட்டி பிரசாதக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.  மகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யெஸ், ஆன்ட்டி” என்றாள். “ட்வென்டி த்ரீ ரன்னிங்.”

என் கணவர் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். வெகு நேரம் தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.