டைல்ஸ் தரையில் கூலி எண்ணிய என் மகள்

டைல்ஸ் போடும் என் ஆட்கள் மூன்று பேருக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி வைத்திருந்தேன். கட்டடக்காரர் எனக்குக் கொடுக்கவில்லை, நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததும் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இந்தத் தடவை கூலிய என் பொண்ணு எண்ணிக் கொடுப்பா."

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரியோ, கடையோ, என் கை படாத தரை குறைவு. தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து என்னைக் குறை சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவனின் மகளுக்கு எண் மட்டும் பிடிபடவில்லை. ஒரு கதையைச் சொன்னால் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். பதினாறும் அறுபத்தொன்றும் அவளுக்கு ஒன்றுதான். கணக்கில் தேறாமல் ஒரே வகுப்பில் இரண்டாம் வருடம் உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது வருஷமும் அதே பெஞ்சுன்னா நான் பள்ளிக்கூடமே போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

இது சோம்பலல்ல, கணக்கில் வரும் கற்றல் குறைபாடு என்று கண்டுபிடித்தவர் அவள் பள்ளிக்கூடத்துச் சிறப்பு டீச்சர். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்தினார், கூடுதல் நேரம் கொடுத்தார். "தொட்டு எண்ணட்டும், வீட்லயும்" என்றார். என் வீட்டில் தொட்டு எண்ணுவதற்கா பஞ்சம்? மிஞ்சிய டைல்ஸை என் மனைவி சமையலறையில் வரிசைக்குப் பத்தாகப் பரப்பினாள். ஒரு டைல்ஸ் கல்லுக்கு நூறு ரூபாய், ஒரு வரிசைக்கு ஆயிரம். பிசகினால் திட்டு கிடையாது. கலைத்துவிட்டு மறுபடி முதல் கல்.

தாளில் பரீட்சை வேண்டாம், நிஜப் பணத்தைத் தானே எண்ணிக் கொடுக்கட்டும், அடுத்த வகுப்பில் ஏற்றிவிடுகிறேன் என்று தலைமை டீச்சர் ஒத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்தவன் நான். அதைப் பார்த்துச் சொல்ல சிறப்பு டீச்சர் வேலையிடத்துக்கே வந்து சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

கட்டடக்காரர் சொன்னபடி பணம் தந்துவிட்டார். போன வாரம் போட்டு இறுகிய தரையில் மகள் சம்மணமிட்டு, கல்லுக்கு நூறாக, வரிசைக்குப் பத்துக் கல்லாக நோட்டை வைத்தாள்.

"முதலாளி, பாப்பா ரெண்டு நோட்டு கூட வச்சா நான் கண்ண மூடிக்குவேன்" என்றார் மேஸ்திரி.

"நான் மூடமாட்டேன் மாமா" என்றாள், தலை தூக்காமல்.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கல் தவறிவிட்டது. கை அந்தரத்தில் நின்றது.

"ஆறாவது கல்லும்மா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஏங்க, உங்க வாயில சிமெண்ட் பூசணுமா?" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

மகள் அழவில்லை. நோட்டையெல்லாம் வாரி எடுத்து முதல் கல்லிலிருந்து தொடங்கினாள். தைரியம் என் ரத்தம். பொறுமை அவள் அம்மாவுடையது. மேஸ்திரி வாங்கி இரண்டு முறை எண்ணினார். "சுத்தமா இருக்கு" என்றார். அடுத்தவருக்கும் அப்படியே.

டீச்சர் எழுந்துவிட்டார். "போதும்டா கண்ணு. அடுத்த வகுப்பு உனக்குத்தான்."

"இருங்க மிஸ், அக்கா நிக்கிறாங்க."

கலவை சுமக்கும் சித்தாள் தூசியைத் தட்டிவிட்டு உள்ளங்கையை விரித்தாள். தரையில் ஏழு முழு வரிசை, ஒரு கல், அதற்கடுத்த கல்லில் ஒற்றை ஐம்பது. என் மகள் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, தெரு வரை கேட்கும்படி எண்ணி, அந்தக் கையில் வைத்தாள். கடைசியாக அந்த ஐம்பதையும்.