டி.என்.ஏ என்றால் பரம்பரையாம்

இறக்காமத்து வயலில் யானை இறங்கினால் வெடியைக் கொளுத்திக்கொண்டு முன்னால் ஓடுகிற ஆள் என் வாப்பா. பின்பக்கமாகக் கெமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் மனிசன் வெளிறிப்போனார். மலத்தோடு ரத்தம் போவதையே மாதக்கணக்கில் மறைத்தவர்தானே.

"அந்த வேல ஏலா டொக்டர். ரத்தத்தில பாக்கிற மாதிரி ஒண்டும் இல்லையா?"

இருந்தது. கொழும்பில் ஒரு தனியார் லேப் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்துச் சொல்லுமாம். டொக்டர் அரைமனதோடு எழுதிக்கொடுத்தார். "அதில என்ன வந்தாலும் கெமரா போடத்தான் வேணும்" என்றும் சொன்னார். அது யாருடைய காதிலும் ஏறவில்லை.

ரிப்போர்ட் பொசிடிவ் என்று வந்தது. பெருங்குடலில் புற்றுநோய் இருக்கலாம் என்பதுதான் சேதி. உம்மா அதை விட்டுவிட்டு ரிப்போர்ட்டிலிருந்த டி.என்.ஏ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"டி.என்.ஏ எண்டா பரம்பரை தானே புள்ள? பரம்பரையில இரிக்கி எண்டு கதை வெளிய போனா ஒன்ன ஆரு எடுப்பான்? நிக்காஹ் முடியட்டும். கெமராவ பிறகு பாப்பம்."

நிக்காஹ் எனக்குத்தான். வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு என்று பேசியிருந்தார்கள். எனக்குச் சீதனமென்று கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். உயிரியலில் பட்டம் வாங்கியவள் என்ற திமிரோடு விளக்கினேன்.

"உம்மா, கட்டியில இரிக்கிற செல்லுகள் செத்து, அதுகள்ட டி.என்.ஏ ரத்தத்தில கலக்கும். அதில உள்ள அடையாளத்தத்தான் பாத்திரிக்காங்க. அது கட்டியிலருந்து வந்த சாமான், நம்மட பரம்பரையப் பாக்கிற டெஸ்ட் இல்ல."

"கெம்பஸ் போனவ வாப்பாட ரத்தத்தையும் படிச்சிட்டாவாம்," என்றார் வாப்பா. "வாய மூடிக்கிட்டு இரி."

மகள் மேல் பாசமாம். குடலில் ஒன்று வளர்ந்துகொண்டிருக்க, வீட்டுக்குப் பச்சையா மஞ்சளா என்று இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு ஃபோனில் கோல் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆள் இஞ்சினியர்.

"எனக்கொரு பிரச்சினையும் இல்ல," என்றார். "உம்மாட்ட ஒருக்கா கேட்டுட்டுச் சொல்றன்."

பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வருவதற்குள் மாப்பிள்ளையின் உம்மாவே கோல் எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

"மகள், கோவிக்காதீங்க. ஒங்களுக்கும் அந்த டி.என்.ஏய ஒருக்கா எடுத்துப் பாருங்களன். நாளைக்குப் பேரப்புள்ளைகளும் பொறக்கணுமே."

"அப்ப ஒங்கட மகன்டையும் எடுப்பம் மாமி."

லைன் கட்டானது. கல்யாணமும்தான்.

மறைக்க இனி எதுவும் மிச்சமில்லாததால் வாப்பா கெமராவுக்குப் படுத்தார். கட்டி இருந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் ஈரல் வரைக்கும் போயிருக்கலாம் என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். வாப்பாவும் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. வீட்டுக் கதையை வெளியே விட்டுக் கல்யாணத்தைக் கெடுத்தவளாம் நான். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் உம்மாவிடம் சொல்லி என்னிடம் கேட்பார். எனக்குக் கட்டிய வீடு மஞ்சள் பெயின்டோடு பூட்டிக் கிடக்கிறது. கல்யாணப் புரோக்கர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புவதே இல்லை. அந்த வீட்டு ரத்தமே கூடாதாம்.

போன கிழமை, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்க வாப்பாவைக் கூட்டிப்போனேன். லேப் பொடியன் ஊசியை இழுத்துப் பஞ்சை வைத்தான். வாப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவனிடம் குனிந்து, எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்:

"தம்பி, ரிப்போர்ட்ட இவள்ட கையில மட்டும் குடுத்துராதீங்க."