ரெஜினா திருப்பிப் போட்ட பதினோரு நொடி

செவ்வாய்க்கிழமை காலை ரெஜினாவின் கணவர் அழைத்தார். "ரெஜினா போயிட்டாண்ணா" என்றார். ரெஜினா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவார் என்றுதான் ஒரகடம் அலுவலகத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நாற்பத்திரண்டு சாகிற வயதா?

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். சேரப்பணஞ்சேரிக்காரர், வல்லம் வடகால் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் உற்பத்தி லைனில் நின்றுவிட்டு வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு வந்தவர். தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி வீடியோ செய்வது எங்கள் வேலை. தொழிலாளி பேசுவதை ஒரு மென்பொருள் எழுத்தாக்கித் தரும். அந்த எழுத்தில் வேண்டாத வரிகளை நான் அழித்தால் படமும் அங்கே வெட்டுப்படும். அந்த வெட்டுகளின் வரிசையை, அதாவது டைம்லைனை, ரெஜினாவின் எடிட்டிங் மென்பொருளுக்கு அனுப்புவேன். மீதி அவர் பாடு.

முதல் முறை அனுப்பியபோது வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். "இன்னாண்ணா, டைம்லைன லாரில ஏத்தி அனுப்பினீங்களா? எல்லாம் குலுங்கிக் கீது" என்று ஒரு வாரம் என்னை ஓட்டினார். "முடிச்ச படமா குடுக்காதீங்க, பிரிக்கிற மாதிரி குடுங்க" என்பார் அடிக்கடி. டைம்லைனாகப் போனால் வெட்டிய இடத்தின் ஓரத்தை இழுத்து, போனதைத் திரும்ப எடுக்கலாம்.

ஒரு தொழிற்சாலைக்காகச் செய்த, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் வீடியோவை எப்படி மறப்பேன்? பழுது பார்க்கும் முன் மெஷினை நிறுத்துவது எப்படி என்று ஓர் ஆபரேட்டர் செய்து காட்டியிருந்தார். மூன்று நிமிடத்துக்குள் வேண்டும் என்று அங்கிருந்த பயிற்சி மேலாளர் சொல்லியிருந்தார். பேச்சில்லாத இடங்களை ஒரே பட்டனில் நீக்கி அனுப்பினேன். எழுத்தில் படித்தால் ஒரு குறையும் இல்லை.

"அண்ணா, பூட்டு எங்க?" என்றார் ரெஜினா. "சுவிட்ச ஆஃப் பண்ணாரு, ஒடனே கைய உள்ள வுட்டாரு. நடுவுல இன்னா பண்ணாருன்னே காணோம்."

"அவர் சொன்னது எல்லாம் இருக்கேம்மா."

"பூட்டு போடும்போது யாரும் பேச மாட்டாங்கண்ணா. நானும் பேசினதில்ல."

எனக்குக் கோபம். அவர் பாட்டுக்கு ஓரத்தை இழுத்துப் பதினோரு நொடியைத் திருப்பிப் போட்டார். சுவிட்சில் பூட்டு, சாவி சட்டைப் பையில், பிறகு மெஷின் ஓடாமல்தான் இருக்கிறதா என்று பட்டனை ஒரு முறை அமுக்கிப் பார்ப்பது. ஒரு வார்த்தை இல்லை.

அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இங்க போரடிக்குது, கட் பண்ணிடுங்க" என்றார் மேலாளர். நான் தலையாட்டிவிட்டேன். ரெஜினா அவரை மெஷினுக்கே அழைத்துப் போனார். "வெட்டின வீடியோல கீற மாதிரியே பண்ணுங்க சார். ஒண்ணும் சேக்காதீங்க."

மேலாளர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "சார், பூட்டு போடல. யார்னா ஆன் பண்ணா கை போயிடும்."

"அப்படியே இருக்கட்டும்மா" என்றார் மேலாளர். ரெஜினாவோடு வேலை செய்கிறேன் என்று அன்று எனக்கு அப்படி ஒரு பெருமை. தப்பு என்னுடையது என்பதுகூட மறுநாள்தான் உறைத்தது.

அடக்கத்துக்குத் தொழிற்சாலை யூனிஃபார்மோடு ஒரு பெண் வந்திருந்தார். ரெஜினாவைப் பார்த்ததே இல்லையாம். "வீடியோல பேசாத அந்த எடத்த இவங்கதான் வெச்சாங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. போன மாசம் பூட்டு போட்டுக்கினு கைய உள்ள வுட்டிருந்தேன், பின்னாடி ஒருத்தன் தெரியாம ஆன் பட்டன அமுக்கிட்டான். மெஷின் ஓடல சார்" என்றார்.

ரெஜினா விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அதற்கடுத்துப் பார்த்த காட்சியைத்தான். அந்தப் பெண் குழியருகே குனிந்து, இரண்டு கையாலும் மண் அள்ளிப் போட்டார்.