கேமராவைக் கட்டிக்கொண்ட கை

நார்த்தாமலை அருகே ஒரு குறும்படத்துக்கு என் சொந்தக் கேமராவோடு ஒளிப்பதிவு செய்யப் போயிருந்தேன். பாதையை மறித்துப் படம் எடுத்ததில் ஊர்க்காரர்களோடு தகராறு முற்றி, அவர்களில் ஒருவன் இரும்புக் கம்பியோடு கேமராவை நோக்கிப் பாய்ந்தான்.

"கம்பெனி இன்சூரன்ஸ் வாடகைச் சாமானுக்கு மட்டுந்தாங்க. ஒங்க பொருளுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று படக் கம்பெனி மேனேஜர் அன்று காலையில் சொல்லியிருந்தார். நானும் இன்சூரன்ஸ் எடுத்திருக்கவில்லை. அந்தப் பயத்தில் கேமராவைக் கட்டிப்பிடித்துக் குனிந்தேன். அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் மறுபடி ஓங்கினான்.

"மண்டையப் பொளந்துருவான்! அதப் போட்டுட்டு இங்கிட்டு வாங்கண்ணே!" என்று ஒலிப்பதிவு செய்யும் செல்வி என்னைப் பிடித்து இழுத்தாள். கேமரா கை நழுவிப் பாறையில் விழுந்து சிதறியது.

இப்போது இன்சூரன்ஸ் இல்லாமல் எங்கும் வேலைக்குப் போவதில்லை. ஆனால் அவள் இழுக்காவிட்டால் அந்த இரண்டாவது அடிக்கும் நான் நகர்ந்திருக்க மாட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.