அப்பா காட்டிய மீன்முள்

போன மாதம் டெல்லி மயூர் விஹாரில் ஒரு வயிற்று டாக்டரைப் பார்க்கப் போனேன். டோக்கன் பதினேழு. கூப்பிட்டபோது மணி ஒன்றரை. டாக்டர் என் மகள் வயதில் ஒரு தமிழ்ப் பெண்.

"எத்தன வருஷமா இருக்கு அங்கிள்?"

"எது?"

"இந்த முழுங்குற கஷ்டம்."

மூன்று மாதமாகத்தான் கஷ்டம், இட்லிகூட இறங்குவதில்லை, அதற்கு முன்பு எல்லாரையும்போல நெஞ்சில் சற்று நின்றுதான் இறங்கும் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எல்லாருக்கும் நிக்காது அங்கிள்."

அறுபத்தாறு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

நான் பிறந்தபோது என் உணவுக்குழாய் பாதியில் முட்டுச்சந்துபோல முடிந்திருந்ததாம். அம்மா நர்ஸ். முதல் பால் நுரையாகத் திரும்பியதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் முதுகுப்பக்கம் கீறி இரு முனைகளையும் இணைத்தார்கள். இதெல்லாம் என் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அம்மா சொன்னது. "அப்பவே சரியாப் போச்சு" என்றும் சேர்த்துச் சொன்னாள். நானும் அப்படியே இருந்துவிட்டேன். இணைத்த இடம் சுருங்கிவிட்டது, அதற்குக் கீழே குழாய் சரியாக அசைவதில்லை, முன்பே வந்திருக்கவேண்டும் என்கிறாள் டாக்டர். இப்போது கஞ்சிதான். அதுவும் வடிகட்டி.

நான் ஏன் முன்பே போகவில்லை என்று யோசித்தால், ஏழு வயதில் வந்த ஒரு கிறிஸ்துமஸில் போய் நிற்கிறது.

கோல் மார்க்கெட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். திருநெல்வேலியிலிருந்து அத்தை குடும்பத்தோடு ரயிலேறி வந்திருந்தாள். அம்மாவுக்கு அன்றைக்கும் டியூட்டி. வந்த நாளிலிருந்தே அத்தை என் விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, பய குச்சி மாதிரி இருக்கான். சீக்கு ஏதும் உண்டுமோ?" என்று கேட்டாள். ஊரில் எல்லாரிடமும் நான் பிறந்தபோது எனக்கு நிமோனியா என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். "டெல்லிக் குளிரு" என்று அப்பா பேச்சை முடித்தார்.

மதியம் பாய் விரித்து எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். மீன்குழம்பு, ஆட்டுக்கறி வறுவல். ஒரு வாயை முப்பது தடவை மெல்லவேண்டும், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும், ஐந்துவரை எண்ணவேண்டும். இது அப்பா எனக்குப் பழக்கியிருந்த கணக்கு. எதையும் எண்ணும் வியாதி எனக்கு அங்கிருந்துதான் பிடித்திருக்கவேண்டும். அத்தை மகன் மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "ஏல ஆமை, விடிஞ்சிரும்ல!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கறித்துண்டு ஒன்றைப் பத்தே தடவை மென்று விழுங்கினேன்.

நின்றுவிட்டது. குடித்த தண்ணீரும் அதன்மேல் நின்றது. எச்சில்கூட இறங்காமல் வாயோரம் வழிந்தது.

"முள்ளு குத்திட்டு!" என்றாள் அத்தை. நான் மீனைத் தொடவே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் வெறும் சோற்றை எலுமிச்சை அளவு உருட்டி, "மெல்லாம அப்படியே முழுங்கு, முள்ளத் தள்ளிட்டுப் போயிரும்" என்று வாய்க்குள் திணித்தாள். நம் வீடுகளில் மீன்முள்ளுக்கு இதுதானே மருந்து! அதுவும் போய் மேலே உட்கார்ந்தது. எனக்குக் கண் இருட்டியது. அவள் இரண்டாவது உருண்டையை உருட்டத் தொடங்கினாள்.

அப்பா எச்சில் கையோடு எழுந்து என்னை அள்ளிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்கு ஓடினார். முழங்கால்மேல் குப்புறப் போட்டு, முதுகுத் தழும்பின்மேல் கைவைத்து, "ஒண்ணுமில்லல, தன்னால வரும்" என்றார். முதலில் சோறு வந்தது, பிறகு கறி வந்தது. தண்ணீர் ஊற்றி இரண்டையும் சாக்கடையில் தள்ளினார். பிறகு அங்கே கிடந்த எச்சில் தட்டு ஒன்றிலிருந்து நீளமாக ஒரு மீன்முள்ளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"இந்தா, வந்துட்டு."

"நான் சொன்னேம்லா!" என்றாள் அத்தை. "சோத்து உருண்டைதான் தள்ளியிருக்கு."

பண்டிகை நாளில், அதுவும் காலையில் ஜெபம் நடத்தியவர், இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு அதிர்ச்சி. முள் இல்லையே என்று கேட்டுவிடத்தான் அன்று மாலை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் வேறு கேள்வி வந்தது.

"அப்பா, உங்களுக்கு எங்க நிக்கும்?"

அவர் தம் நெஞ்சில் எனக்கு நிற்கும் அதே இடத்தைத் தொட்டார். "இங்கதான். எல்லாருக்கும் அங்கதாம்ல நிக்கும். நீ பயப்படாத."

மறுநாளிலிருந்து அவரும் வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டார். அத்தை மகன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கவலை இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் ஒரே தொண்டை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், அப்பா மறந்துவிட்டுப்போன டிபன் பாக்ஸை அவர் ஆபீஸில் கொடுக்கப் போனேன். கேன்டீனில் சிநேகிதர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். யாரோ எதற்கோ சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டே பூரியை இரண்டாக மடித்து வாயில் போட்டு விழுங்கினார். அடுத்ததையும் அப்படியே. பக்கத்தில் தண்ணீரே இல்லை. நான் வாசலிலேயே நின்றேன்.

பாவம், அப்பாவுக்கு இன்று நல்ல பசி என்று நினைத்துக்கொண்டேன்.